சாண்டில்யனின் கடல் கதைகள்: திரும்பத் திரும்ப ஏன் படிக்கிறோம்?

அலைமகன்:
சாண்டில்யனின் கடல் புறா நாவல் மூன்று பாகத்தையும் மறுபடி முடித்துவிட்டேன். கதை தெரியும், முடிவு தெரியும், யார் யாரை மணப்பார் என்பதும் தெரியும். அப்படியும் இரண்டாம் பாகத்தை எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை. இது எப்படி நடக்கிறது என்று பேசத்தான் இந்த இழை.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். சாண்டில்யனின் நாயகர்கள் வாள் வீசுவதால் ஜெயிப்பதில்லை, கணக்குப் போடுவதால் ஜெயிக்கிறார்கள். அட்சயமுனையை எடுத்துக்கொள்ளுங்கள். சொர்ணத்தீவில், அதாவது சுமத்ராவில், கொள்ளையர் புகலிடம் என்று பேர் வாங்கிய கோட்டை. நாயகன் கருணாகர பல்லவன், இளைய பல்லவன் என்றும் சொல்வார்கள், அதைப் படையெடுத்துப் பிடிக்கவில்லை. நேராக உள்ளே போகிறான், கோட்டைத் தலைவன் பலவர்மனோடு பேசியே காலம் கடத்துகிறான். பலவர்மன் என்ன நினைக்கிறான் என்று இவனுக்குத் தெரியும். இவனுக்குத் தெரியும் என்பது பலவர்மனுக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பேசுவார்கள், நமக்குத்தான் வியர்க்கும். வாளே உருவாத அத்தியாயங்கள் அவை. ஆனால் அந்தப் பாகத்திலேயே எனக்கு அதிகம் படபடப்பு தந்தவை அவைதான்.

அப்புறம் நாவலுக்கே பேர் தந்த அந்தக் கப்பல், கடல் புறா. தமிழில் ஒரு கப்பலைக் கதாபாத்திரமாகவே வளர்த்து, அதன் மூக்கு, சிறகு, பாய், தளம் என்று நம் கண்முன்னே கட்டி, பிறகு கடலில் இறக்கிவிட்ட நாவல் எனக்குத் தெரிந்து இதற்கு முன் இல்லை. அது நீரில் இறங்கும்போது படிக்கிறவனுக்கும் ஏதோ சொந்தமாகக் கட்டிய நிறைவு வருகிறது.

உங்களுக்கு எந்த இடம், எந்த நாவல்? கடல் புறாதான் என்றில்லை, யவன ராணி, ஜல தீபம் எல்லாம் வரலாம்.

பழைய ஏடு:
அலைமகன் தம்பி, நல்ல இழை. நான் குமுதத்தில் தொடராக வந்தபோது படித்தவன். புத்தகமாகப் படிக்கும் தலைமுறைக்கு அந்த அனுபவம் முழுதாகக் கிடைக்காது. ஒரு அத்தியாயம் முடியும், நாயகன் தப்பவே முடியாத இடத்தில் நிற்பான். கதவு திறக்கும், உள்ளே யார் வந்தது என்று சொல்லாமலே ‘தொடரும்’ போட்டுவிடுவார். அடுத்த இதழ் வரும்வரை வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டிருப்போம். அடுத்த இதழைப் பிரித்தால் மனுஷன் கதவுப் பக்கமே போக மாட்டார். நிலவு, அலை, மாளிகைச் சாளரம் என்று ஒரு பக்கம் வர்ணித்துவிட்டு மெதுவாகத்தான் வருவார். நாங்கள் அந்த ஒரு பக்கத்தைத் தாண்டிக் குதித்து விடையைப் படித்துவிட்டு, பிறகு மரியாதையாகத் திரும்பி வந்து வர்ணனையைப் படிப்போம்.

லதாவின் ஓவியங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடல் புறாவின் மஞ்சளழகி என்றால் இன்றும் என் மனதில் வருவது லதா வரைந்த முகம்தான். தொடரைக் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைத்த வீடுகளில் பாதி ஆசை கதைக்கு, பாதி ஆசை அந்தப் படங்களுக்கு. பிறகு அச்சு நூலாக வாங்கியபோது, படம் இருந்த இடங்களில் என் மனசு தானாக ஒரு கணம் நின்றுவிட்டுப் போகும்.

தம்பி சொன்ன கணக்குப் போடும் நாயகன் விஷயம் முற்றிலும் சரி. ஆனால் அதற்கு வாராந்தரத் தொடர் என்ற வடிவமும் ஒரு காரணம். வாரா வாரம் சண்டை எழுத முடியாது. வாரா வாரம் ஒரு சிக்கலைப் போட்டு, ஒரு சிக்கலை அவிழ்க்கத்தான் முடியும்.

நீலவல்லி:
நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் சாண்டில்யன் வாசகிதான். பள்ளி நாட்களில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவள். ஆனால் பெண்களை அவர் வர்ணிக்கும் பக்கங்களை இன்று என்னால் பொறுமையாகப் படிக்க முடியவில்லை. ஒருத்தி அறைக்குள் நுழைந்தாலே தலை முதல் கால் வரை ஒரு பக்கம். கோட்டை எரிந்துகொண்டிருக்கும், எதிரி வாசலில் நிற்பான், அப்போதும் அதே ஒரு பக்கம். ஒரு நாயகன், இரண்டு நாயகிகள் என்ற கணக்கும் நாவலுக்கு நாவல் வந்துகொண்டே இருக்கிறது. கடல் புறாவில் காஞ்சனாதேவி, மஞ்சளழகி. யவன ராணியில் பூவழகி, ராணி. ஜல தீபத்தில் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அந்த வர்ணனையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், உள்ளே இருக்கும் பெண்கள் வெறும் அழகுப் பதுமைகள் இல்லை. யவன ராணியை எடுத்துக்கொள்ளுங்கள். புகார்க் கடற்கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய பெண்ணாக அறிமுகமாகிறாள். சோழப் படைத்தலைவன் இளஞ்செழியன் காலடியில் மயங்கிக் கிடக்கிறாள். இனி இவளை அவன் காப்பாற்றுவான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவள் வந்த நோக்கமே தமிழ் மண்ணில் யவன ஆட்சி, அதாவது கிரேக்க-ரோமர் ஆட்சி நிறுவுவது! அந்த நாவலில் ஆசை, திட்டம், தன் இனத்தார் மேல் கடமை, ஒருவன் மேல் காதல் எல்லாம் ஒரே மனதில் மோதுவது அவளுக்குள் மட்டும்தான். இளஞ்செழியனுக்கு அந்தக் குழப்பமே கிடையாது, அவனுக்குச் சோழ நாடு ஒன்றே. என்னைப் பொறுத்தவரை யவன ராணியின் நாயகி மட்டுமல்ல, நாயகனும் அவள்தான். தலைப்பில் அவள் பேரை வைத்தவருக்கும் அது தெரிந்துதான் இருக்க வேண்டும்.

கல்வெட்டுப் பித்தன்:
நீலவல்லி அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நான் சரித்திரப் பக்கம் வருகிறேன், ஏனென்றால் என்னைக் கல்வெட்டுப் படிக்க இழுத்து வந்ததே கடல் புறாதான்.

நாவலின் கருணாகர பல்லவன், அதாவது கருணாகரத் தொண்டைமான், கற்பனை ஆள் இல்லை. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன். கலிங்கப் போரை வென்றவன் என்று ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பாடுகிறார். அந்தப் போர் 1110-ஐ ஒட்டி நடந்ததாகச் சொல்வார்கள், எதிரில் இருந்த கலிங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன். நாவலில் வரும் அநபாயன்தான் பின்னால் 1070-ல் சோழ அரியணை ஏறிய குலோத்துங்கன். தந்தை வழியில் வேங்கிச் சாளுக்கியன், தாய் அம்மங்கை தேவி ராஜேந்திர சோழனின் மகள்.

இப்போது கடாரம். ராஜேந்திரனின் கடற்படை 1025 வாக்கில் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மேல் போனது. ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி, தொடங்கி, ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று வரிசையாக ஊர்களை அடுக்கும். அதன்பின் வீரராஜேந்திரன் காலத்தில் இன்னொரு குறிப்பு வருகிறது. தன் காலடிக்கு வந்த மன்னனுக்காகக் கடாரத்தை வென்று, அதை அவனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது அவன் கல்வெட்டு.

இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நாட்டை இழந்த ஒரு கடாரத்து அரசன், உதவி கேட்டுச் சோழரிடம் வருகிறான், சோழர் மீட்டுக் கொடுக்கிறார். யார் அந்த அரசன், யார் போனது, எத்தனை கப்பல், என்ன சண்டை, எதுவும் இல்லை. சாண்டில்யன் நுழைந்த இடம் இதுதான். அந்த அரசனுக்குக் குணவர்மன் என்று பேர் வைத்தார், அவனுக்குக் காஞ்சனாதேவி என்று ஒரு மகளைக் கொடுத்தார், பரணியில் தரைப் போர் வீரனாக நிற்கும் கருணாகரனை வாலிபனாக்கிக் கடலில் இறக்கிவிட்டார். கருணாகரன் கடலில் அலைந்ததாக எந்தச் சான்றும் இல்லை, அது முழுக்க அவர் கற்பனை. ஆனால் அந்தக் கற்பனை எந்தக் கல்வெட்டோடும் முட்டாமல் இடுக்குகளில் நடந்து போகிறது. கல்வெட்டு பேசும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு, அது மௌனமாகும் இடத்தில் பேசத் தெரிய வேண்டும். சரித்திர நாவலாசிரியனிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

குலோத்துங்கனுக்கும் கடாரத்துக்கும் உறவு பின்னாலும் தொடர்ந்தது. 1090-ஐச் சேர்ந்த சிறிய லெய்டன் செப்பேட்டில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு விட்ட ஊர்கள் சம்பந்தமாகக் கடாரத்தரையனின் தூதர்கள் இரண்டு பேர் வந்து கேட்டதைப் பார்க்கலாம். ராஜவித்தியாதர ஸ்ரீசாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் என்று பேரே இருக்கிறது. முதல் தடவை அந்தப் பெயர்களைப் படித்தபோது, நாவலில் விட்டுப்போன இரண்டு பாத்திரங்களைச் சந்தித்ததுபோல் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

புதுவாசகன்:
எல்லோருக்கும் வணக்கம். நான் 2022-ல் பொன்னியின் செல்வன் படம் பார்த்து, பிறகு நாவல் படித்து, அப்படியே சரித்திர நாவல் பக்கம் வந்தவன். சாண்டில்யன் இன்னும் தொடவில்லை. எதில் தொடங்கலாம்? மூன்று பாகம் என்றால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. வர்ணனை அதிகம் என்று வேறு சொல்கிறீர்கள்.

அலைமகன்:
வாங்க புதுவாசகன். பயப்பட ஒன்றுமில்லை. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகத்தைத் தாண்டி வந்தவருக்கு இது எம்மாத்திரம்?

என் யோசனை, யவன ராணி. இரண்டே பாகம், முதல் அத்தியாயமே பிடித்து இழுக்கும். பிறகு கடல் புறா. கடல் வேண்டாம், தரையில் ஒரு கதை போதும் என்றால் கன்னி மாடம். பாண்டியர்களின் வாரிசுச் சண்டைக்குள் இலங்கைப் படையும் சோழரும் வந்து மாட்டிக்கொண்ட காலம், அபராஜிதனும் கார்குழலியும். ராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்பு பிடிக்குமென்றால் மன்னன் மகள். ஜல தீபத்தை மட்டும் கொஞ்சம் பொறுத்து எடுங்கள், மராட்டிய அரசியல் பின்னணி தெரிந்தால்தான் ருசிக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்கியை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். கல்கி நம்மை வழி நெடுகப் பேச்சுத் துணையோடு கூட்டிப்போவார், வந்தியத்தேவன் தப்புச் செய்வான், அசடு வழிவான், நமக்கு அவன் தோழனாகிவிடுவான். இளைய பல்லவன் தோழனாக மாட்டான். அவன் அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று ஒதுங்கி நின்று பார்க்கத்தான் முடியும். இரண்டும் வேறு வேறு சுகம்.

சுக்கான்:
வணிகக் கப்பலில் வேலை பார்ப்பவன் நான். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடல் புறாவில் எனக்குப் பிடித்தது, காற்றைக் கதைக்குள் கொண்டுவந்ததுதான். பாய்மரக் காலத்தில் நினைத்த நாளில் நினைத்த ஊருக்குப் போக முடியாது. வங்கக் கடலில் தென்மேற்குக் காற்று கிழக்கே கொண்டுபோகும், வடகிழக்குக் காற்று திரும்பக் கொண்டுவரும். நடுவில் மாதக்கணக்கில் அந்நியக் கரையில் காத்துக்கிடக்க வேண்டும். அட்சயமுனையில் இளைய பல்லவன் காலம் கடத்துகிறான் என்று அலைமகன் சொன்னாரே, மாலுமிக்குக் காத்திருப்பதும் தொழிலில் ஒரு பாகம்தான். அதனால் அந்தப் பகுதி எனக்கு ஜோடனையாகப் படவில்லை.

கடாரக் கரையை ஒட்டி நான் போயிருக்கிறேன். இன்றைய மலேசியாவின் கெடா. கரையோரத்தில் ஜெராய் மலை, 1,200 மீட்டருக்குச் சற்று மேல். சுற்றிலும் தாழ்ந்த நிலம் என்பதால், கரை கண்ணில் படும் முன்பே மலை தலை தூக்கிவிடும். வங்கக் கடலைத் தாண்டி வந்த அந்தக் காலத்துக் கப்பலோட்டிக்கு அதைவிட நல்ல அடையாளம் ஏது? கப்பலை இயக்கும் மேல்தளத்தில் நின்று தொலைநோக்கியில் அந்த மலையைப் பார்த்தபோது காஞ்சனாதேவிதான் நினைவுக்கு வந்தாள். பக்கத்தில் நின்ற அதிகாரி வேறு நாட்டுக்காரர். அவருக்குக் கதையைச் சொன்னேன், பணிமுறை முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜல தீபத்தைத் தள்ளிவைக்கச் சொன்னது எனக்குச் சம்மதமில்லை. கடற்போர் என்று பார்த்தால் அதுதான் அவருடைய உச்சம். கனோஜி ஆங்கரே மராட்டியக் கடற்படையின் தலைவர், 1729-ல் இறந்தவர். அவருடைய குராப், கல்லிவத் கப்பல்கள் ஆங்கிலேயரின் பெரிய போர்க்கப்பல்களோடு எண்ணிக்கையிலோ பீரங்கியிலோ போட்டி போடவில்லை. நீரில் ஆழமாக அமிழாதவை, அதனால் ஆழம் குறைந்த கழிமுகங்களுக்குள் ஓடிவிடும். காற்று செத்தால் துடுப்புப் போட்டு வரும். காற்றில்லாமல் பாய் தொங்கி நிற்கும் பெரிய கப்பலின் பின்பக்கமாக வந்து அடிக்கும், அங்கேதான் அதற்குப் பீரங்கி குறைவு. 1721-ல் ஆங்கிலேயரும் போர்ச்சுக்கீசியரும் சேர்ந்து ஆங்கரேயின் கொலாபாக் கோட்டையைத் தாக்கியும் ஒன்றும் நடக்கவில்லை. தஞ்சையிலிருந்து போகும் நாயகன் இதயசந்திரன் ஆங்கரேயிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளும் பகுதிகளைப் படியுங்கள். அவன் கூடவே நாமும் கற்றுக்கொள்கிறோம்.

கல்வெட்டுப் பித்தன்:
சுக்கான் சார், அருமை! ஒன்று சேர்க்கிறேன். ஜல தீபத்தில் காதரைன் என்று ஓர் ஆங்கிலேயப் பெண் வருவாள் அல்லவா? அந்தப் பேரில் நிஜமாகவே ஒருத்தி இருந்தாள். 1712-ல் பம்பாய் ஆளுநரின் படகை ஆங்கரேயின் ஆட்கள் பிடித்தபோது அதில் இருந்தவள் காதரைன் சவுன். அந்தச் சண்டையிலேயே அவள் கணவன் இறந்துபோனான். 30,000 ரூபாய் மீட்புப் பணம் கொடுத்த பிறகுதான் 1713-ல் விடுதலை. நாவலில் வருபவளின் கதை வேறு, ஆனால் பெயர் ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை என்று நினைக்கிறேன்.

யவன ராணியிலும் இப்படி ஒன்று உண்டு. ஹிப்பலாஸ் என்ற யவனன் வருவான். பருவக்காற்றைப் பிடித்து நேராகக் கடலைக் கடக்கும் வழியைக் கண்டவன் என்று எரித்ரேயக் கடல் பயணநூல் என்ற பழைய கிரேக்க நூல் சொல்லும் மாலுமியின் பெயர் அது. விவரம் தெரிந்தவன் படித்தால் ஒரு புன்னகை வரும், தெரியாதவனுக்கும் கதை ஓடும்.

நீலவல்லி:
சுக்கான் அண்ணா சொன்ன ஜெராய் மலையை இனி மறக்க மாட்டேன்.

ஆனால் என் கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. இன்று பதினைந்து வயதுப் பெண்ணிடம் இந்த நாவல்களைக் கொடுப்போமா? நான் கொடுத்தேன், என் அக்கா மகளிடம். யவன ராணியைக் கொடுத்தேன். சில பக்கங்களைத் தாண்டிவிடு என்று முதலிலேயே சொன்னேன். அவள் தாண்டவில்லை, முழுதும் படித்துவிட்டு வந்து ‘சித்தி, இவர் ஏன் இளஞ்செழியனை இப்படி வர்ணிக்கவே இல்லை?’ என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. இப்போது கடல் புறா முதல் பாகத்தில் இருக்கிறாள், பாலூர்ப் பெருந்துறையை வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பழைய ஏடு:
அந்தக் குழந்தை கேட்டது நியாயமான கேள்வி அம்மா. எங்கள் காலத்து வீடுகளில் இந்த வர்ணனைக்காகவே பிள்ளைகளுக்கு சாண்டில்யனைத் தடை செய்தவர்கள் உண்டு. தடை போட்ட பெரியவர்களே இரவில் படிப்பார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல ஆசை. அவரைக் கிளுகிளுப்பு எழுத்தாளர் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தரும். சுதேசமித்திரனில் நிருபராக இருந்தவர், பத்திரிகையாளர்களுக்குச் சங்கம் கட்டப் பாடுபட்டவர், சினிமாவிலும் உழைத்தவர். ‘போராட்டங்கள்’ என்று சுயசரிதையும் எழுதியிருக்கிறார். செய்தி எழுதிப் பழகிய கை அது. அதனால்தான் எவ்வளவு நீட்டினாலும், யார், எங்கே, எந்தப் பக்கம் வாசல், எத்தனை காவலர் என்பதில் குழப்பமே வராது. கோட்டையை ஒருமுறை விவரித்துவிட்டால் நூறு பக்கம் கழித்தும் நமக்கு வழி தெரியும். மலைவாசல் நாவலில் ஹூணர் படையெடுப்பைச் சொல்லும்போதும் அதே தெளிவுதான். இன்று சரித்திர நாவல் எழுதும் பிள்ளைகள் அவரிடம் இதை முதலில் கற்றுக்கொள்ளட்டும்.

அலைமகன்:
பெரியவர் சொன்னது நான் யோசிக்காத கோணம். ஒருமுறை காகிதத்தில் அட்சயமுனைக் கோட்டையை வரைந்து பார்த்தேன். நாவலில் சொன்ன மலை, கடல், நகரம், வாசல் எல்லாம் இடம் மாறாமல் பொருந்தின. தாக்குதல் வரும்போது எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்தது. நாயகன் போடும் கணக்கை வாசகனும் போட முடிகிறதே, அதற்கான சரக்கை அவர் முன்பே நம் கையில் கொடுத்துவிடுகிறார். முடிச்சு அவிழும்போது ஏமாற்றிவிட்டார் என்று தோன்றாததற்குக் காரணம் அதுதான்.

புதுவாசகன்:
யவன ராணி தொடங்கிவிட்டேன்! முதல் பாகம் பாதி தாண்டிவிட்டது. நீலவல்லி அவர்கள் சொன்னது சரி, ராணி பேசும் இடங்களில்தான் கதை நிமிர்கிறது. வர்ணனையைத் தாண்டவும் இல்லை. ஒரு சந்தேகம்: வெண்ணிப் போர் நிஜமா? பின்னால் வருமென்று யாரோ சொன்னார்கள். கதை கெடாமல் பதில் சொல்லுங்கள்.

கல்வெட்டுப் பித்தன்:
நிஜம். நாவலில் எப்படி வருகிறது என்று சொல்ல மாட்டேன், சங்கப் பாட்டில் உள்ளதை மட்டும் சொல்கிறேன். இளம் வயதுக் கரிகாலன் வெண்ணியில் சேர, பாண்டியரை வென்றதைப் பொருநராற்றுப்படை பாடுகிறது. சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகையும் துளைத்துவிட்டது. முதுகில் காயம் பட்டதற்கு நாணி அவன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விட்டான். புறநானூறு 65-ல் கழாத்தலையார் அதற்காக இரங்குகிறார். அடுத்த பாட்டு, 66, வெண்ணிக் குயத்தியார் பாடியது. அவர் பாடுவது வென்ற கரிகாலனை, அவன் முகத்துக்கு நேரே பாடுகிறார். வெற்றி உன்னுடையதுதான், ஆனால் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து புகழ் கொண்டானே, அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கிறார்.

இரண்டாம் பாகத்தில் போர் நெருங்கும்போது புத்தகத்தைக் கொஞ்சம் மூடிவைத்துவிட்டு அந்த இரண்டு பாட்டையும் படித்துவிட்டுப் போங்கள். முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள், ராணியைப் பற்றி நீலவல்லி அக்கா சொன்னதை அப்போது மறுபடி பேசலாம்.